அவளே ஓட்டி வரட்டும்

பழி வாங்கப் போகிற அன்று பசிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்று காலை எனக்குக் கொலைப் பசி. தட்டில் இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டு, வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

"என்னடி, இன்னிக்கு ஒரே குஷியா இருக்க?" என்றாள் அம்மா.

"புது ஸ்டூடண்ட் வர்றாங்க. மருந்துக்கடைக்காரம்மாவாம். வயசானவங்க."

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். "வயசானவங்கன்னா நிதானமா சொல்லிக்குடு. உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டுக்க."

"நான் என்னிக்கும்மா யார்கிட்டயாவது கத்தியிருக்கேன்?"

"அடேயப்பா! போன மாசம் அந்த பேங்க் மேனேஜர் நம்ம வாசப்படியில உக்காந்து அழுதாரே, அது யாரால?"

"ரவுண்டானாவைப் பாத்தாலே அவர் கண்ணை இறுக்கி மூடிக்கறார். நான் என்ன தாலாட்டா பாட முடியும்?"

வீட்டில் எனக்கு மிளகா என்றுதான் பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கதையை இந்த வாரம்தான் பிரிக்கிறவர்களுக்காக நாலு வார்த்தை. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இவள் என்னைப் பெறாத அம்மா. பெற்றவள் நான் பிறந்த கொஞ்ச நாளிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா என்று ஒருவர் இருந்தாராம். அவர் அதற்கும் முன்பே கம்பி நீட்டிவிட்டார். மிச்சம் இருந்த ஒரே சொந்தம் பெற்றவளின் அக்கா. எனக்குப் பெரியம்மா. அந்தப் புண்ணியவதி என்ன செய்தாள் தெரியுமா? கைக்குழந்தையை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு போய், ஊர்க்கோடியில் இருக்கிற குழந்தைகள் இல்லத்தின் கேட்டில் காவல்காரர் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஏழு வயது வரை அங்கேதான் வளர்ந்தேன். அதன் பிறகு, ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்த இந்த அம்மா வந்தாள். புருஷன் போய், ஒரே மகனோடு தனியாக இருந்தவள். என் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, மகனுக்குப் போட்ட சோற்றை எனக்கும் போட்டாள். படிக்கவைத்தாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். இன்று நானும் அண்ணனும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம் என்றால், அது முழுக்க அவள் கொடுத்த பிழைப்பு.

பெரியம்மாவின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அந்த முகம் தெரியாதவள் மேல்தான் இத்தனை வருஷமாகக் கருவிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஒரு வயதான அம்மாள் ஆபீசுக்கு வந்து, அண்ணனிடம் பேசி டிரைவிங் கிளாசில் சேர்ந்துவிட்டுப் போனாள். நான் அப்போது வெளியே கிளாசில் இருந்தேன். திரும்பி வந்து காரை நிறுத்துகிறேன், பக்கத்து கார் பார்க்கிங் தாத்தா மூச்சிரைக்க ஓடி வருகிறார். குழந்தைகள் இல்லத்தில் அந்தக் காலத்தில் காவலுக்கு இருந்தவர் அவர்தான். "பாப்பா, இப்போ வந்துட்டுப் போனாங்களே, யாருன்னு தெரியுமா? உன்னை என் கையில குடுத்த அம்மா! உங்க பெரியம்மா!" என்றார்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சொத்து வேண்டாம், சொந்தம் வேண்டாம், மன்னிப்புகூட வேண்டாம். அந்தக் கேட்டுக்கு முன்னால் நின்று, 'இங்கதான் உன்னை விட்டேன்' என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லும்போது அவள் முகம் சுருங்குவதை நான் கண்ணாரப் பார்க்க வேண்டும்.

அதுவும் நான் அழைத்துப் போகக்கூடாது. அவளே ஓட்டி வரட்டும்.

எங்கள் தொழிலில் அது ரொம்பச் சுலபம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எங்கே போகிறோம் என்று கேட்பதே இல்லை. அவர்கள் பாடு கிளட்சோடும் கியரோடும். நேரா என்றால் நேரா, வலது என்றால் வலது. சொன்னால் குளத்துக்குள்கூட இறக்கிவிடுவார்கள். என் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதால் பிழைக்கிறோம்.

கீழே இறங்கிப் போனால் ஷெட்டில் அண்ணன் காரின் அடியில் கிடந்தான். எங்கள் கார்களுக்கு அவன்தான் வைத்தியர். தூங்கும்போதும் கையில் ஸ்பேனர் இருக்கும், அதனால் பெயரே ஸ்பேனர்.

"என் பக்க பிரேக் சரியா இருக்கான்னு பாத்தியா?"

"பாத்தேன். நேத்து நீ கேட்ட, முந்தாநாள் கேட்ட. யாரைக் கொல்லப் போற?"

விஷயம் அவனுக்கு மட்டும் தெரியும். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன்.

"எந்தப் பக்கம் கூட்டிட்டுப் போற?"

"இல்லத்துக்கு."

வெளியே வந்து உட்கார்ந்தான். மூக்கில் கிரீஸ். "முதல் நாளே மெயின் ரோடா? மைதானத்துல சுத்த வைக்க வேண்டியவங்களை?"

"ஏற்கெனவே ஓட்டிப் பழகி, நடுவுல விட்டுட்டவங்களாம். நீதானே சொன்ன."

"மிளகா, நான் ஒண்ணு சொல்லட்டா? மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேளு. திட்டணும்னா திட்டு. நானும் வேணா வந்து சேர்ந்து திட்டறேன். இப்படிக் கோழி பிடிக்கிற மாதிரி பதுங்கிப் பதுங்கிப் போகாத. எனக்கு நல்லா படல."

"உன்னை யாராவது துண்டுல சுத்தி வீசினாங்களா?"

அவன் வாயை மூடிக்கொண்டான். அவனிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் வாயை மூடிக்கொள்வான். அது எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் சொன்னேன்.

அவள் சரியான நேரத்துக்கு வந்தாள்.

நான் ஒரு ராட்சசியை எதிர்பார்த்திருந்தேன். வந்தது குள்ளமாக, கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கைப்பையை இடுக்கிக்கொண்டு நடந்து வந்த ஒரு சாதாரண மனுஷி. மருந்துச் சீட்டு படித்துப் படித்துக் கண்ணைச் சுருக்கும் பழக்கம். அந்தத் தாடையைப் பார்த்ததும்தான் எனக்கு என்னவோ செய்தது. என் தாடை! 'அடம் பிடிச்ச தாடை' என்று அம்மா என்னைத் திட்டுவாளே, அதே தாடை அந்த முகத்தில் இருந்தது. எனக்கு என்று பிறப்பில் வந்தது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அதுவும் இவள் வீட்டுச் சொத்து.

"வணக்கம் டீச்சர்," என்றாள்.

"உக்காருங்க மேடம்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

கைப்பையைப் பின்சீட்டில் வைத்தாள். பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தாள். பெல்ட் போட்டாள். முதல் கியரில் வண்டி இரண்டு குதி குதித்துவிட்டு நின்றுபோனது. மறுபடியும் கிளப்பினாள். மறுபடியும் நின்றது.

"கிளட்சைப் பட்டுனு விடாதீங்க."

"மன்னிச்சுக்குங்க."

கிளம்பினோம். பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டு, கால்வாய்ப் பாலத்தில் ஏறினோம். பாலத்தின் நடுவில் வண்டி மூன்றாவது முறை நின்றது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்து உயிரை வாங்கியது. அவள் கண்ணாடி வழியாக அந்த லாரிக்காரனிடம் கையைக் குவித்து மன்னிப்புக் கேட்டாள். உரசுவதுபோல் பைக்கில் போனவனிடம் கேட்டாள். குறுக்கே வந்த நாயிடம்கூட 'சாரிப்பா' என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. நாய்க்கு இருக்கிற மரியாதைகூட அன்று அந்தக் கேட்டில் எனக்குக் கிடைக்கவில்லையே!

"நேரா போங்க. அந்த ஆஸ்பத்திரி தாண்டி இடது."

திருப்பினாள்.

"மேடத்துக்குப் பிள்ளைங்க எத்தனை?" என்று பேச்சுக்கொடுத்தேன். என் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது.

"ஒரு பையன். வெளியூர்ல வேலை."

"வீட்டுக்காரர்?"

"போன வருஷம் தவறிட்டார்."

"கூடப் பிறந்தவங்க யாரும் இல்லையா?"

அவள் கியரைத் தேடினாள். "ஒரு தங்கச்சி இருந்தா. இல்ல இப்போ."

"ஐயோ பாவம். அவங்களுக்குக் குழந்தை குட்டி?"

வண்டி நடுரோட்டில் செத்து நின்றது. அவள் கை சாவியைத் திருப்பியது. கிளம்பவில்லை. கியரில் போட்டபடியே திருப்பிக்கொண்டிருந்தாள்.

"நியூட்ரலுக்குக் கொண்டு வாங்க மேடம். அவசரமில்ல. குழந்தை இருக்கான்னு கேட்டேன்."

"ஒரு பொண்ணு," என்றாள். பார்வை ரோட்டை விட்டு நகரவில்லை.

"இப்போ எங்க இருக்காங்க?"

"நல்லா இருக்கா."

நல்லா இருக்காளாம்! எனக்குக் காது இரண்டும் சுட்டது. அங்கேயே இறக்கிவிட்டு அந்த நடுரோட்டில் வைத்துக் கேட்டிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். கேட் வரட்டும், அதுவரை பொறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மரக்கடைகள் தாண்டின. சைக்கிள் ரிப்பேர் கடை தாண்டியது. அடுத்தது டயர் கடை முக்கு. அங்கே வலது பக்கம் திரும்ப வேண்டும். தெரியாதவர்கள் நேராகப் போய்விடுவார்கள். அந்தத் திருப்பம் டயர் அடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். 'வலது' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

டிக், டிக், டிக் என்று சத்தம் கேட்டது.

அவள் இண்டிகேட்டரைப் போட்டிருந்தாள். வலது பக்கம்.

"நான் இன்னும் சொல்லலையே," என்றேன்.

எதிரே வந்த வேனுக்கு வழிவிட்டு, நிதானமாகத் திரும்பினாள். காலையிலிருந்து ஒரு திருப்பத்தைக்கூட ஒழுங்காக எடுக்காதவள், இதைப் பிசகாமல் எடுத்தாள். அடுத்து தண்ணீர்த் தொட்டிச் சந்து. நான் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. வண்டி தானாகச் சந்துக்குள் நுழைந்தது. பள்ளம் இருக்கிற இடத்தில் முன்கூட்டியே ஒதுங்கியது. சந்து முடிவில் நீல வர்ண இரும்பு கேட் தெரிந்தது. எதிர்ப்பக்க மரத்தடியில் வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே குழந்தைகள் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது.

"இது என்ன இடம்?" என்றேன்.

"உனக்குத் தெரியும்."

'டீச்சர்' போய்விட்டது.

"உங்க வாயால சொல்லுங்க."

அவள் பெல்ட்டைக் கழற்றினாள். முழுக்கத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "குழந்தைகள் இல்லம். இங்கதான் உன்னை விட்டேன். அந்தக் கேட்டுலதான்," என்றாள்.

அவ்வளவுதான். நான் இத்தனை வருஷம் ஆசைப்பட்டது, கேட்காமலே கையில் வந்து விழுந்துவிட்டது. முகம் சுருங்கவில்லை. கெஞ்சவில்லை. பிடுங்கி எடுக்க வேண்டும் என்று நகத்தைத் தீட்டிக்கொண்டு வந்தவளுக்கு, அவள் தானாக நீட்டிவிட்டாள். ஏமாந்துபோன மாதிரி இருந்தது எனக்கு.

"நான் யாருன்னு தெரிஞ்சுதான் வந்து சேர்ந்தீங்களா?"

"ஆமா."

"இந்த வழி எப்படித் தெரியும்? ஒரு நாள் வந்துட்டுப் போன வழி இவ்வளவு வருஷம் ஞாபகம் இருக்குமா?"

"ஒரு நாள் இல்ல. நீ இங்க இருந்தப்போ வருவேன். சாயங்காலம் வெளியில விளையாட விடுவாங்க. இந்த மரத்தடியில நின்னு பாப்பேன். ஊஞ்சல்ல ஏறினா நீ எறங்கவே மாட்ட. வேற பிள்ளைங்க வந்தா காலால உதைப்ப."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. ஒரே ஒரு நாள் பார்த்த முகத்தை எந்தக் காவல்காரர் இவ்வளவு காலம் ஞாபகம் வைத்திருப்பார்? பார்க்கிங் தாத்தா சொன்னபோது எனக்கு ஏன் அது தோன்றவில்லை? கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

என்னை மறந்துவிட்டாள் என்று நினைத்துத்தான் நான் கருவிக்கொண்டிருந்தேன். மறந்தவளையாவது ஒரு நாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. இவள் மறக்கவில்லை! வந்தாள், நின்றாள், பார்த்தாள், வீட்டுக்குத் திரும்பிப் போய் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினாள். ஏழு வருஷம்! சுவருக்கு இந்தப் பக்கம் என் சொந்த ரத்தம் நின்றுகொண்டிருந்தது, அந்தப் பக்கம் நான் ஊஞ்சலுக்கு அடித்துக்கொண்டிருந்தேன்.

"வேடிக்கை பாக்க வந்தீங்களா? மிருகக்காட்சி சாலைன்னு நினைச்சீங்களா?"

அவள் கேட்டைப் பார்த்தாள்.

"எதுக்கு விட்டீங்க? அதையாவது சொல்லுங்க."

"உங்க பெரியப்பா வேண்டாம்னார்."

"அவர் சொன்னார். நீங்க?"

அவள் கழுத்திலிருந்த கண்ணாடிக் கயிற்றை விரலில் சுற்றினாள். "நானும் வேணாம்னேன்."

"ஏன்?"

"உங்க அம்மா வீட்டை விட்டுப் போனது என் கல்யாணத்துக்கு முந்தின நாள். யார்கிட்டயும் சொல்லல. மறுநாள் காலையில மாப்பிள்ளை வீட்டுல கேள்விப்பட்டாங்க. வந்தவங்க எல்லாம் அப்படியே எழுந்து போயிட்டாங்க. எங்க அப்பா அன்னிக்குப் படுத்தவர்தான், எழுந்திரிக்கவே இல்ல. உங்க பெரியப்பா அப்புறமா வந்த சம்பந்தம். எனக்கு அவ மேல அவ்வளவு கோவம். என்னிக்காவது கையில கிடைப்பா, கேக்கணும்னு இருந்தேன். செத்துட்டான்னு சொல்லி உன்னைக் கொண்டு வந்து கையில குடுத்தாங்க. செத்தவகிட்ட எதைக் கேக்கறது? நீதான் கையில இருந்த. உன் மேல காட்டினேன்."

"கைக்குழந்தை மேலயா?"

"ஆமா. அடுத்த வாரமே தப்புன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் உங்க பெரியப்பாகிட்ட கேக்கற தைரியம் ரொம்ப நாள் வரல."

அடிப்பாவி என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் ஒரு சாக்குச் சொன்னாலும் போதும், கிழித்து எறிந்திருப்பேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாலும், நடிக்கிறாயா என்று கேட்டிருப்பேன். ஒன்றுக்கும் இடம் கொடுக்காமல் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டவளை எங்கே அடிப்பது?

"ஒண்ணே ஒண்ணு," என்றாள். "உன்னை வளர்த்த அம்மாகிட்ட நீ ஒரு வார்த்தை கேட்டா..."

"போதும்! எங்க அம்மாவை இதுல இழுக்காதீங்க. அவங்க பேச்சை எடுக்கற யோக்கியதை உங்களுக்குக் கிடையாது. நீங்க வீசினதை எடுத்து வளர்த்தவங்க அவங்க."

அவள் என்னவோ சொல்ல வந்து விழுங்கியது தெரிந்தது. நான் கேட்கவில்லை.

"இறங்குங்க."

இறங்கினாள்.

நான் ஓட்டுநர் சீட்டுக்கு மாறினேன். சீட்டை நகர்த்தத் தேவையே வரவில்லை, அவள் உயரமும் என் உயரமும் ஒன்று. அது வேறு எரிச்சலைக் கிளப்பியது. வண்டியைக் கிளப்பினேன்.

"நான் எப்படித் திரும்பிப் போறது..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்கும் அன்னிக்கு அது தெரியாது," என்றேன்.

சந்து முனையில் கண்ணாடியில் பார்த்தேன். மரத்தடியில் அப்படியே நின்றாள். கூப்பிடவில்லை, கை காட்டவில்லை. டயர் கடை தாண்டும்போதுதான் பின்சீட்டில் கைப்பை கிடப்பது கண்ணில் பட்டது. போன், பர்ஸ், வீட்டுச் சாவி எல்லாம் அதில்தான் இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் வேகத்தைக் குறைத்தேன். பிறகு, நல்லா வேணும் என்று கூட்டினேன்.

பாலத்தில் ஏறும்போது சத்தமாகச் சிரித்துப் பார்த்தேன். ஜெயித்தவள் சிரிக்க வேண்டுமே! காருக்குள் அந்தச் சத்தம் நன்றாக இல்லை. நிறுத்திக்கொண்டேன்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். வெளியே போகும்போது கட்டும் புடவை கட்டி, தலை வாரியிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் படி இறங்கி வந்தாள். குனிந்து என் பக்கத்து சீட்டைப் பார்த்தாள், பின்சீட்டைப் பார்த்தாள்.

"அவ எங்க?"

எனக்குச் சுருக்கென்றது. யாரோ ஒரு மாணவியை அம்மா 'அவ' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"யாரு?"

"உன் பெரியம்மா. எங்கடி விட்டுட்டு வந்த?"

ஷெட்டிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். 'நான் சொல்லல' என்று இரண்டு கையையும் ஆட்டினான்.

"கேட்ல விட்டேன்," என்றேன். "என்னை விட்ட அதே கேட்ல."

அம்மா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் அவளை உன்கிட்ட வரச் சொன்னேன். கடைக்குப் போய் நானே பாத்துச் சொன்னேன். இனிமேலும் மறைக்க மனசு வரல. கிளாஸ் முடிஞ்சதும் வீட்டுக்கு வருவீங்க, உக்கார வெச்சுச் சொல்லிடலாம்னு இருந்தேன்."

"உனக்கு அவங்களை எப்படித் தெரியும்?"

"அவ ஒண்ணும் சொல்லலையா உன்கிட்ட?"

"என்ன சொல்லணும்?"

"சொல்ல மாட்டா. என்கிட்ட வாக்குக் குடுத்திருக்கா." அம்மா அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் தரையைப் பார்த்துப் பேசினாள். "நீ இந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்ல அவ வந்தா. இதே படிக்கட்டுல நின்னா. 'புருஷன்கிட்ட சண்டை போட்டுட்டேன், அவர் ஒத்துக்கலைன்னாலும் பரவால்ல, என் தங்கச்சி குழந்தையை என்கிட்ட குடுத்துடுங்க'ன்னா. நான் உள்ளயே விடல. போடின்னுட்டேன். மறுபடியும் வந்தா. கால்ல விழுந்தா. இன்னொரு தடவை இந்தப் பக்கம் வந்தேன்னா போலீஸைக் கூப்பிடுவேன்னேன். ஆயுசுக்கும் உன் கண்ணுல படக்கூடாது, இது எதையும் உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கிக்கிட்டு அனுப்பினேன்."

நான் காரை விட்டு இறங்காமல் ஸ்டியரிங்கையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நான் எங்க இருந்தேன் அப்போ?"

"மாடியில. தூங்கிட்டு இருந்த."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருக்கலாம்."

"ஏன் கேக்கல?"

"அந்த வாரம்தான் நீ என்னை முதல் தடவையா அம்மான்னு கூப்பிட்ட. எப்படிடீ குடுப்பேன்?"

வீசினவள் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு ஒரு விலாசம் இருந்தது. எத்தனை வருஷமானாலும் போய்ச் சேர வேண்டிய இடம் தெரியும். அது இப்போது திரும்பி வந்து என் வீட்டு வாசலிலேயே நின்றது. யாரைக் கட்டிக்கொண்டு அழுவேனோ, அவள்தான் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளையே குத்த வேண்டும் போல இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் குத்த வேண்டும் போல இருந்தது.

"அவங்களைக் கேட்ல விட்டுட்டேன்," என்றேன். "உன்னை எங்க கொண்டு போய் விடறது?"

"ஏய்!" என்று அண்ணன் கத்தினான். அவன் என்னிடம் கத்தியது அதுதான் முதல் தடவை.

அம்மா அவனைக் கையமர்த்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செருப்பைத் தேடி மாட்டினாள்.

"எங்க விடணும்னு தோணுதோ அங்க விடு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். முதல்ல அவளைப் போய்க் கூட்டிட்டு வருவோம். பைகூட இல்லாம வெயில்ல நிக்கிறா."

பின்கதவைத் திறந்து ஏறினாள். அந்தக் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை காலம் வேன் ஓட்டியவள், பின்சீட்டில் உட்கார்ந்து என் முதுகைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"மிளகா," என்று கை நீட்டினான் அண்ணன். "சாவியைக் குடு. நான் போறேன்."

நான் சாவியைக் கொடுக்கவில்லை. வண்டியையும் எடுக்கவில்லை.